திறந்தமூலத்துக்கு உரையாசிரியர்கள் தேவை

மூலம் எழுதியவர் ஒருவர், உரை எழுதியவர் வேறொருவர் என்பது தமிழில் நெடுநாள் வழக்கம். தொல்காப்பியத்தை இன்றும் நாம் வகுப்பறையில் படிக்க முடிகிறதென்றால், அதற்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் காரணம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டதாக மரபு சொல்கிறது. மூலம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதை அடுத்தவர் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் உரை வேண்டும் என்பதை நன்றாக உணர்ந்த இனம் நம் இனம்.

இன்று கணினித் துறையில் 'திறந்தமூல மென்பொருள்' என்று பேசுகிறோம். நிரலின் மூலத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். மூலம் திறந்துதான் இருக்கிறது. உரை இருக்கிறதா? 2017இல் கிட்ஹப் நிறுவனம் திறந்தமூல உலகில் இயங்குவோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. முழுமை பெறாத, காலங்கடந்த கையேடுகள் பெரும் சிக்கல் என்பதை அதில் பங்கேற்றோரில் 93 விழுக்காட்டினர் எடுத்துக்காட்டினர். அதே ஆய்வில், பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் கையேடு எழுதும் பணியில் அரிதாகவே ஈடுபடுவதாக, அல்லது ஈடுபடுவதே இல்லை எனக் கூறினர். குறை எல்லார் கண்ணிலும் படுகிறது. கை வைக்கத்தான் ஆளில்லை.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஒரு வேலை காத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. இதற்கு எடுத்துக்காட்டாக, பாடல்களை ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம்.

பெயரில்லாத பாடல்கள்

பந்திங்கிலோ கேரித்தீவிலோ தோட்டத்தில் வாழ்ந்து வளர்ந்த குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அலமாரியின் அடித்தட்டில் ஒலிநாடாக்கள். அதற்கு மேல் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் வாங்கிய குறுந்தட்டுகள். காரில் ஒரு பென்டிரைவ். அந்தப் பென்டிரைவைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பாடல்கள் 'டிராக் 01', 'டிராக் 02' என்று வரிசையாக நிற்கும். பாடியவர் யார், எழுதியவர் யார், எந்தப் படம், எந்த ஆண்டு என்பதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. ஒலிநாடாவின் உறைத் தாளில் இருந்த அந்த விவரங்கள், பாட்டு கோப்பாக மாறியபோது உறையோடு தங்கிவிட்டன. உறை செல்லரித்துப் போனால் அதுவும் இல்லை.

பெயர் போனால் என்ன, பாட்டு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். தமிழிலக்கியம் படிக்கும் மாணவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். குறுந்தொகையின் 40ஆம் பாடலை எழுதிய புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். பரிபாடலைத் தொகுத்தவர்களோ பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றையும் பாட்டோடு எழுதி வைத்தார்கள். எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை 22 மட்டுமே. அவற்றின் இசையும் இன்று நம்மிடம் இல்லை. ஆயினும் பெட்டனாகனாரும் கண்ணனாகனாரும் இசை வகுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். யாரோ ஒருவர் சலிக்காமல் ஒரு குறிப்பு எழுதியதன் பயன் அது.

பாட்டுக் கோப்புக்குள் இதே குறிப்பை எழுதி வைக்க இன்று மென்பொருள்கள் இருக்கின்றன. 'பீட்ஸ்' என்பது ஒன்று. 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு' என்பது மற்றொன்று. இரண்டும் திறந்தமூல மென்பொருள்கள், காசு கொடுக்கத் தேவையில்லை. பிக்கார்டு, பாட்டின் ஒலியைக் கேட்டு அதன் 'ஒலிரேகை'யைக் கணிக்கும். கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போல, அந்த ரேகையைக் கொண்டு மியூசிக்பிரெய்ன்ஸ் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் பாட்டைத் தேடும். கிடைத்தால் தலைப்பு, பாடகர், தொகுப்பு, ஆண்டு ஆகியவற்றைக் கோப்புக்குள் எழுதி, கோப்பின் பெயரையும் மாற்றி, உரிய அடைவில் கொண்டு போய் வைக்கும்.

அந்தப் பொதுத் தரவுத்தளம் பிறந்த கதையும் நாம் அறிய வேண்டியது. 1990களில் 'சிடிடிபி' என்ற குறுந்தட்டுத் தரவுத்தளத்தில் உலகெங்கும் உள்ள இசை அன்பர்கள் தங்கள் கையால் விவரங்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். பிறகு அது விற்கப்பட்டது. 'கிரேஸ்நோட்' என்னும் வணிக நிறுவனமாகியது. ஊரார் உழைப்பில் சேர்ந்த தரவைப் பயன்படுத்தவே கட்டுப்பாடுகள் வந்தன. அதனால் எழுந்த மனக்குறையே 2000ஆம் ஆண்டில் மியூசிக்பிரெய்ன்ஸ் உருவாகத் தூண்டுகோலானது. இன்று அதன் அடிப்படைத் தரவுகள் யாருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்து. நாம் ஒரு பாடகரின் பெயரை அங்கே சேர்த்தால், நாளை எந்த நிறுவனமும் அதற்குப் பூட்டுப் போட முடியாது.

கையேட்டில் நம் பாட்டுக்கு ஓர் இயல் இல்லை

இவ்வளவு நல்ல மென்பொருளுக்குக் கையேடு இல்லையா? இருக்கிறது. பிக்கார்டின் ஆங்கிலக் கையேடு பொறுப்போடு எழுதப்பட்டது. ஒவ்வொரு தெரிவையும் எடுத்து விளக்குகிறது. ஆனால் தமிழ்த் திரைப்பாடல் தொகுப்பு வைத்திருப்பவருக்கென்று அதில் ஓர் இயல் கிடையாது. ஆங்கிலப் பாட்டுலகில் ஒரு கலைஞர், அவருடைய தொகுப்பு, அதில் பத்துப் பாடல்கள் என்று கணக்கு எளிது. நம் திரைப்பாட்டில் இசையமைப்பாளர் ஒருவர், கவிஞர் ஒருவர், பாடகர் ஐவர், தொகுப்பின் பெயரோ திரைப்படத்தின் பெயர். இந்த வேறுபாட்டால் வரும் சிக்கல்களைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, படப்பெயர். 'பில்லா' 1980இலும் வந்தது, 2007இலும் வந்தது. முன்னதற்கு இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பின்னதற்கு யுவன் சங்கர் ராஜா. பிக்கார்டு இயல்பாகத் தொகுப்புக் கலைஞரின் பெயரில் ஓர் அடைவு, அதற்குள் தொகுப்பின் பெயரில் ஓர் அடைவு என்று அடுக்கும். தொகுப்புக் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயர் இருந்தால் இரண்டு பில்லாவும் தனித்தனியே நிற்கும். 'பல்வேறு கலைஞர்கள்' என்று இருந்தால் இரண்டும் ஒரே அடைவில் கலந்துவிடும். அடைவுப் பெயரோடு ஆண்டையும் சேர்த்தால் தீர்ந்தது. இதை எழுதிக் காட்ட நாலு வரி போதும்.

இரண்டாவது, கவிஞர் பெயர். தரவுத்தளத்தில் பாடலாசிரியர் பெயர் இருந்தாலும், பிக்கார்டின் அமைப்புகளில் பாடல் தொடர்புகளைப் பயன்படுத்தும் தெரிவு இயங்கினால்தான் அது கோப்புக்குள் வந்து சேரும். அதை அறியாதவர் தொகுப்பில் கண்ணதாசனும் இல்லை, வாலியும் இல்லை.

மூன்றாவது, தமிழ் எழுத்து. ஆங்கில எழுத்தல்லாதவற்றை மாற்றியமைக்கும் தெரிவு ஒன்று கோப்புப் பெயர் அமைப்புகளில் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயருக்கு அது உதவும். எழுத்தின் மேலுள்ள குறியை நீக்கிவிடும். தமிழ்ப் பெயரில் அதை இயக்கினால் எழுத்துகள் இருந்த இடத்தில் அடிக்கோடுகள்தாம் எஞ்சும். தமிழ்ப் பயனருக்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

நான்காவது, பழைய குறிப்பு முறை. எம்பி3 கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளில் விவரம் எழுதும் ஒரு முறை 1996இல் வந்தது. தலைப்புக்கு 30 பைட்டு, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறித் தமிழைப் பரவலான யுடிஎஃப்-8 முறையில் எழுதினால், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனிக் குறிகளே. நம் மண்ணின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து பாடி, 2011இல் மறைந்த மலேசியா வாசுதேவனின் பெயருக்கு இக்கணக்கில் 49 பைட்டு வேண்டும். அந்தப் பெட்டியில் அடைத்தால் 'மலேசியா வா' என்பதோடு பெயர் நின்றுவிடும். புதிய குறிப்பு முறைகளில் இந்த நெருக்கடி இல்லை. ஆனால் எந்த முறையைத் தெரிவு செய்வது, பழைய கார் வானொலியில் பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை யாராவது தமிழில் சொல்ல வேண்டாமா?

ஐந்தாவது, ஒரே பெயரின் பல வடிவம். இளையராஜாவை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, 'ளை'க்கு ஒற்றை 'ஏ' போடுவாரும் உண்டு, 'ஏ'யோடு 'ஐ' சேர்ப்பாரும் உண்டு. 'ராஜா'வில் ஓர் 'ஏ' குறைப்பாரும் உண்டு, கூட்டுவாரும் உண்டு. கணினிக்கு இவர்கள் நால்வர். தரவுத்தளத்தில் ஒரே கலைஞருக்குப் பல மாற்றுப் பெயர்களைப் பதியலாம். தமிழ்ப் பெயர் பதியப்பட்டிருந்தால், பெயரைத் தமிழிலேயே எழுதும்படி பிக்கார்டிடம் கேட்கலாம். இந்த வசதி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆறாவதே மிக முக்கியமானது. நம் நாட்டுக் கலைஞர்களின் பாடல்களைத் தேடும்போது 'எதுவும் கிடைக்கவில்லை' என்று விடை வரக்கூடும். அதைக் கண்ட பயனர், தான்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து மென்பொருளை மூடிவிடுவார். ஒலிரேகையை யாராவது முன்பே சேர்த்திருந்தால்தான் பாட்டு அகப்படும் என்பதைக் கையேடு முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். "கிடைக்காதது உங்கள் குற்றமன்று, இதைச் சேர்க்கும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்" என்று சொல்லி, சேர்க்கும் வழியையும் காட்ட வேண்டும். 2006இல் யோகி பி & நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ்நாடு வரை சென்றது. அதிலுள்ள 'மடை திறந்து' பாட்டின் வேர், 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டில் இருக்கிறது. நம் இளைஞர் பெயரும் அந்த மூத்தோர் பெயரும் ஒரே பாட்டின் குறிப்பில் எப்படி இடம்பெற வேண்டும்? இதைவிடச் சிறந்த பயிற்சிப் பாடம் கையேட்டுக்குக் கிடைக்காது. புகழ்பெற்ற தொகுப்பின் நிலையே இப்படி விளக்கம் கேட்கிறதென்றால், கோயில் திருவிழாவுக்காகச் சில நூறு பிரதிகள் மட்டும் வெளியிட்ட உள்ளூர்ப் பாடகரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் பெயரை நாம் எழுதாவிட்டால் எழுதுவதற்கு வேறு யாரும் இல்லை.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது

கையேட்டைத் தமிழில் கொண்டு வருவது என்றவுடன் நாம் ஆங்கிலப் பக்கத்தை எடுத்து வரிக்கு வரி மாற்றத் தொடங்கிவிடுகிறோம். மேலே கண்ட ஆறு சிக்கல்களும் அப்படி மாற்றினால் தீரா. மூலத்தில் இல்லாதது மொழிபெயர்ப்பில் எப்படி வரும்? உரையாசிரியர்கள் மூலத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. படிப்பவனுக்கு எங்கே ஐயம் எழும் என்று முன்கூட்டியே நினைத்து, அங்கே நின்று, எடுத்துக்காட்டும் தந்து விளக்கினார்கள். நமக்கும் அதுவே முறை.

கலைச்சொல்லில் தடுக்கி விழும் பழக்கத்தையும் விட வேண்டும். 'டேக்' என்பதற்குக் குறிச்சொல்லா, ஒட்டுச்சொல்லா, அடையாளச் சீட்டா என்று மூன்று கூட்டம் நடத்துவோம்; கையேட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்காது. இன்னொன்றும் உண்டு. திரையில் பொத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்கேன்' என்று இருக்கும்போது கையேட்டில் 'வருடு பொத்தானை அழுத்துக' என்று எழுதினால், பயனர் திரை முழுவதும் தேடியும் அப்படியொரு பொத்தானைக் காணமாட்டார். திரையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் விளக்குவதே முறை. தனித்தமிழ் ஆர்வத்துக்கு இது எதிரன்று. பயனர் வேலையை முடித்துவிட்டு எழுந்தால்தான் அந்தத் தமிழ் பயன்பட்டது என்று பொருள்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கப்பட்ட 'கணியம்' இதழ், 'எளிய தமிழில்' என்ற வரிசையில் கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய நூல்களைக் கொண்டு வந்தது. நம் நாட்டுக்கும் இத்துறையில் பெயர் உண்டு. 1985 முதல் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள்கள் வழியே தமிழ் தட்டச்சு செய்யக் கற்றவர்கள் உலகெங்கும் உள்ளனர். 2001ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. கணினியில் தமிழ் வருமா என்ற கேள்விக்கு அத்தலைமுறை விடை கண்டுவிட்டது. கணினியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தமிழில் எழுதி வைப்பது நம் தலைமுறையின் பங்கு.

இரண்டு மறுப்புகள்

"இப்போது எல்லாரும் கைப்பேசிச் செயலியில்தானே பாட்டுக் கேட்கிறார்கள்? கோப்புகளை அடுக்குவோர் யார்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செயலியில் இருக்கும் பாட்டு, உரிமம் இருக்கும்வரைதான் அங்கே இருக்கும். ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த பாட்டும், தாத்தாவின் ஒலிநாடாவும் அங்கே முதலிலிருந்தே இல்லை. காசு கொடுத்துக் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டில் உள்ளதை நாம் பாதுகாப்பது வேறு. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நம் நாட்டில் நடப்பில் உள்ளது என்பதையும் கையேடு நினைவூட்ட வேண்டும். நாம் ஊராரோடு பகிர்வது பாட்டைப் பற்றிய விவரத்தை, பாட்டை அன்று.

"கணினி பயன்படுத்துவோருக்கு ஆங்கிலம் தெரியாதா?" என்பது அடுத்த கேள்வி. முன்னர்ச் சொன்ன அதே கிட்ஹப் ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் தம் ஆங்கில வாசிப்பும் எழுத்தும் மிக நன்று என்ற நிலைக்குக் கீழே உள்ளதாகக் கூறினர். மென்பொருள் ஆக்குவோர் நிலையே அது. பந்திங்கில் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஒருவரோ, கோயிலில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவரோ ஆங்கிலக் கையேட்டைப் படித்துப் பாட்டு அடுக்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பாட்டும் விவரமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. நமக்குத் தெரியாத பாடகரை அவர்கள் முதல் வரி கேட்டவுடனே சொல்லிவிடுவார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

தமிழ்க் கழகங்கள் பட்டிமன்றமும் கலைவிழாவும் நடத்துகின்றன, நடத்தட்டும். ஆண்டுக்கு ஒரு வார இறுதியை இதற்கென ஒதுக்கினால் போதும். முதல்நாள், பந்திங் போன்ற ஓர் ஊரில் சில குடும்பங்களைச் சந்தித்து, ஒலிநாடா உறைகளைப் படம் பிடித்து, விவரங்களைக் கேட்டு எழுதலாம். மறுநாள், இருபதே பாடல்களை வைத்துப் பிக்கார்டில் வேலை செய்து, செய்த ஒவ்வொரு படியையும் தமிழில் எழுதலாம். முதற்படி, மூலக் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது. மென்பொருள் பெயரை மாற்றிய பின் வருந்திப் பயனில்லை.

எழுதி முடித்ததும் அதைக் கழக நண்பர்களிடமே கொடுத்துப் பாராட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது. கணினி அதிகம் பழகாத ஒருவரிடம் கொடுத்து, அருகில் வாய் திறவாமல் அமர்ந்து பார்க்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே கையேட்டில் குறை இருக்கிறது. தயங்கிய இடத்தைத் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். ஆயிரம் கலைச்சொல் அகராதியைவிட இந்தச் சோதனை கையேட்டை மேம்படுத்தும்.

அதன்பின் நாம் கண்டதை மூலக் கையேட்டுக்கும் அனுப்பலாம். பிக்கார்டின் கையேடு பலரும் பங்களிக்கும் வகையில் பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பத்தியைத் திருத்தி முன்மொழிந்தால், பொறுப்பாளர்கள் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று சொல்வார்கள். ஆங்கில எழுத்தல்லாதவற்றை மாற்றும் தெரிவு பற்றி நாம் சேர்க்கும் ஓர் எச்சரிக்கை வரி, தமிழருக்கு மட்டுமன்றித் தெலுங்கருக்கும் தாய்லாந்துக்காரருக்கும் பயன்படும். கணினி அறிவியல் மாணவருக்கு அது நற்சான்று. தமிழியல் மாணவருக்கோ தம் மொழியறிவு உலக அரங்கில் பயன்பட்டதற்கான சான்று. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். நம் கழகங்களில் இருதரப்பினரும் இருக்கிறார்கள்.

பட்டம் பெற்று வெளியேறிய முன்னாள் மாணவர்களும் இதில் சேரலாம். மென்பொருள் துறையில் பணியாற்றுவோர் நம் திருத்தங்களைச் சரிபார்க்கலாம்; ஆசிரியர்களானோர் கையேட்டின் நடையைச் செப்பனிடலாம்.

நூறு பாடல்களுக்கேனும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரை எழுதி வைப்போம். எழுதும் வழியைத் தமிழில் சொல்லியும் வைப்போம். பரிபாடலுக்கு இசை வகுத்தவர் பெயரை ஏட்டில் எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் செய்த வேலையைத் தொடர நமக்கு ஒரு கணினியும் ஒரு வார இறுதியும் போதும்.